பேரு யாருது?

வலைத்தளம் போயிடுச்சு. நண்பர்கள் பல வருசமாச் சேர்த்துவைத்த இதழ்கள், பேட்டிகள், கவிதைகள் எல்லாம் போயிடுச்சு. தளம் போட்டுக்கொடுத்தவரைக் கேட்டால், 'நீங்க பணம் அனுப்பல' என்கிறார். நம்ம ஆட்களைக் கேட்டால், 'அவரு சொல்லவே இல்ல' என்கிறார்கள். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

நான் வங்கியில் குமாஸ்தா. டெபாசிட் ரசீதோடு வருகிறவரிடம் நாங்கள் முதலில் பார்ப்பது, ரசீது யார் பேரில் இருக்கிறது என்பதைத்தான். 'பணம் நான்தான் கொடுத்தேன்' என்று கவுண்ட்டரில் கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. டொமைன் கதையும் இதேதான். காம், ஆர்க் போன்ற பெயர்களுக்கு விதி செய்கிற ஐகான் அமைப்பு 2013இல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். காலாவதியான 5 நாளுக்குள் இன்னொன்று. பெயர் நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக்காலம் உண்டு. நல்ல விதிதான். ஆனால் அறிவிப்பு போவது யாருக்கு? பதிவேட்டில் பேர் இருக்கிறவருக்கு. இடையிலிருப்பவர் தன் பேரையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவைத்திருந்தால் அத்தனையும் அவருக்குத்தான் போகும்.

ஹோஸ்டிங் அதைவிட மோசம். அது வாடகை இடம். வாடகை நின்றால் சாமானை எத்தனை நாள் வைத்திருப்பான் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அதை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

'ஆட்டோ ரெனியூவல் இருக்கே' என்பார்கள். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, அட்டைக்காரர் முறைப்படி ஒப்புதலைப் பதிவு செய்யாமல் தானாகப் பணம் பிடிக்க முடியாது. அட்டை காலாவதியானாலும் பணம் நிற்கும். தளமும் நிற்கும்.

மறதி பெரிய இடத்திலும் உண்டு. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாப்ட், பாஸ்போர்ட்.காம் பெயரைப் புதுப்பிக்க மறந்தது. ஹாட்மெயில் பலருக்குத் திறக்கவில்லை. யாரோ ஒரு லினக்ஸ்காரர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார். நமக்கு அப்படி எவன் வரப்போகிறான்?

இடைத்தரகரே, வருசாவருசம் காசு வாங்குகிறீர்கள். தேதி சொல்வது உங்கள் கடமை. சாவியைக் கேட்டால், 'அதெல்லாம் டெக்னிக்கல், உங்களுக்குப் புரியாது' என்கிறீர்கள். 'உனக்குப் புரியாது' என்பது நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் புளித்த பேச்சு.

தோழர்களே, அவரைத் திட்டினால் மட்டும் தீராது. கேட்காமல் விட்டது நாம்தானே? டொமைன் அமைப்பின் பேரில் இருக்கட்டும். மின்னஞ்சலைத் திறக்க ரெண்டு பேருக்காவது தெரியட்டும். காலாவதித் தேதியை மினிட் நோட்டில் எழுதுங்க. மொத்தத் தளத்துக்கும் ஒரு நகல் நம்ம கையில் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில், டீ வருவதற்கு முன்னாலேயே கேளுங்க: பேரு யாருது? சாவி யாருகிட்ட?