தூண்மேல் எழுந்த இல்லங்கள்



வருங்காலத்து வீடு எவ்வாறு இருக்கும் என்னும் வினாவுக்குக் கார்ட்டூன் ஓவியர்கள் தயங்காமல் விடை வரைந்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1962ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் 'ஜெட்சன்ஸ்' என்னும் தொடர் தொடங்கிற்று. ஹன்னா, பார்பெரா என்னும் இருவரின் நிறுவனம் அதனைத் தயாரித்தது. நூறாண்டுகளுக்குப் பின், அதாவது 2062இல், ஒரு குடும்பம் எப்படி வாழும் என்பதே கதை. தந்தை ஜார்ஜ், தாய் ஜேன், மகள் ஜூடி, மகன் எல்ராய், ஆஸ்ட்ரோ என்னும் நாய். அவர்கள் வாழும் ஆர்பிட் நகரில் கட்டடங்கள் மெல்லிய நெடுந்தூண்களின் உச்சியில் தட்டுகளைப் போல அமர்ந்திருக்கும். வாசலில் தெரு இராது. பறக்கும் ஊர்திதான் வந்து நிற்கும்.

இக்கற்பனை வெறும் வானத்தில் முளைத்ததன்று. அந்நிறுவனம் இயங்கிய லாஸ் ஏஞ்செல்ஸ் வட்டாரத்தில் இத்தகைய உருவங்கள் அப்போது மெய்யாகவே எழுந்து கொண்டிருந்தன. ஜான் லாட்னர் என்னும் கட்டடக் கலைஞர் 1949இல் அங்கே 'கூகீஸ்' என்னும் காப்பிக் கடையை அமைத்தார். ஏறி இறங்கும் கூரையும் அகன்ற கண்ணாடிச் சுவரும் காரில் விரைவோரின் கண்ணை இழுத்தன. 1952இல் டக்ளஸ் ஹாஸ்கெல் என்னும் திறனாய்வாளர், சற்றே ஏளனமாக, அந்தப் பாணிக்கே 'கூகி' எனப் பெயர் சூட்டினார். பெயர் நிலைத்துவிட்டது.

அதே லாட்னர் 1960இல் ஹாலிவுட் மலைச்சரிவில் ஒரு வீடு கட்டினார். வீடு கட்டவே இயலாது எனும்படி செங்குத்தான இடம் அது. மலையை வெட்டிச் சமன் செய்யாமல், ஏறக்குறைய 30 அடி உயரமுள்ள ஒற்றைக் காங்கிரீட் தூணை நிறுத்தி, அதன்மேல் எண்கோண வடிவில் இல்லத்தை ஏற்றி வைத்தார். ஆக, அங்கே தூணுக்குக் காரணம் நிலத்தின் இயல்பே. கார்ட்டூனிலோ தூண் வளர்ந்தது, நிலம் மறைந்தது. ஆர்பிட் நகரின் தரையைப் பெரும்பாலும் நாம் காண்பதே இல்லை. எல்ராய் மண்ணில் எங்கே விளையாடுவான்? அண்டை வீட்டில் சிறிது சர்க்கரை கேட்க ஜேன் எப்படிப் போவாள்? தாய்மார்கள் முதலில் கேட்கக்கூடிய இக்கேள்விகள் ஓவியர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

வீட்டின் உள்ளேயும் சற்று நோக்குவோம். பொத்தானை அழுத்தினால் உணவு வந்து விழும். ஆயினும் முதற்கதையிலேயே ஜேன் பொத்தான் அழுத்தி அழுத்திச் சலித்துப் போகிறாள். ரோஸி என்னும் பழைய மாதிரி இயந்திரப் பணிப்பெண் வந்து சேர்கிறது. ஜார்ஜ் அலுவலகம் சென்று முதலாளிக்கு அஞ்சுகிறார். அடுக்களைப் பொறுப்போ முன்போலவே மனைவியுடையது. கூரையையும் சுவரையும் துணிவோடு மாற்றிய பேனா, குடும்பத்தின் வேலைப் பங்கீட்டில் ஒரு கோட்டையும் மாற்றவில்லை. நகைச்சுவைக்குப் பார்ப்பவர் தம்மை அடையாளங்காண வேண்டும் என்பது உண்மையே. எனினும் காங்கிரீட்டில் காட்டிய துணிவு அடுக்களையில் ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

இதற்கும் முன்னர், 1949இல், டெக்ஸ் ஏவரி 'நாளைய வீடு' என்னும் குறும்படத்தை இயக்கினார். வீட்டின் புதுமைகளை ஒவ்வொன்றாகக் காட்டி வரும்போது மாமியாருக்கென்று தனியே ஒரு கேலி வந்துகொண்டே இருக்கும்! நாளைய வீட்டில் நேற்றைய சிரிப்பு. பாவம், அம்மூதாட்டிக்கு மட்டும் வருங்காலத்திலும் இடமில்லை.

சிலர் வரைந்ததோடு நில்லாமல் கட்டியும் பார்த்தனர். 1957இல் டிஸ்னிலாந்தில் மான்சான்டோ நிறுவனத்தின் 'வருங்கால வீடு' திறக்கப்பட்டது. நடுவே காங்கிரீட் அடித்தளம்; அதிலிருந்து நாற்புறமும் நீண்ட பிளாஸ்டிக் அறைகள். மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். குடியிருக்க எவரும் வரவில்லை, அது காட்சிப் பொருளாகவே நின்றது. 1967இல் இடிக்க முனைந்தபோது இரும்புக் குண்டு பிளாஸ்டிக்கில் மோதித் திரும்பிற்றாம். பின்னர் துண்டு துண்டாக்கியே அகற்றினர். அடித்தளத்தை மட்டும் பெயர்க்காமல் விட்டுவிட்டு, அதைச் சுற்றிச் செடிகளை நட்டார்கள்.