விதை நெல்

விதை நெல்லைக் குத்திச் சோறாக்கி உண்ட குடித்தனக்காரர் அடுத்த பட்டத்தில் என்ன செய்வார் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாஸ்திர ஆராய்ச்சிக்கும் விதை நெல் உண்டு. பலன் கிட்டுமென்று எவரும் ஜாமீன் கொடுக்க முடியாத முயற்சிக்கு ஆரம்பத்தில் அளிக்கும் சிறு தொகையே அது.

இரண்டு சாஸ்திரங்களின் எல்லையில் நிற்பவருக்கு இது மிகவும் அவசியம். ஏனெனில் அவர் இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி. எந்த வீட்டிலும் அவருக்கு இலை போடுவாரில்லை.

மாக்ஸ் பெரூட்ஸ் அத்தகையவர். வியன்னாவில் ரஸாயனம் படித்து 1936-ல் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜுக்கு வந்தார். வேலை செய்த இடம் பௌதிக ஆராய்ச்சிச்சாலை. எடுத்துக்கொண்ட விஷயமோ குதிரையின் ரத்தம்! பிராண வாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினின் அமைப்பை எக்ஸ்ரே கிரணங்களால் அறிய முற்பட்டார். அதில் ஏறக்குறைய 10,000 அணுக்கள். நடவாத காரியம் என்று பலர் எண்ணியதில் வியப்பில்லை.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். பெரூட்ஸுக்குத் தந்தையின் பண உதவி நின்றது. அச்சமயம் ஆராய்ச்சிச்சாலைத் தலைவராக வந்த லாரன்ஸ் பிராக், அமெரிக்காவின் ராக்பெல்லர் தர்ம ஸ்தாபனத்தின் உதவியை நாடினார். அங்கே சாஸ்திரப் பகுதியை நடத்தியவர் வாரன் வீவர் என்ற கணித நிபுணர். பௌதிகத்தையும் ரஸாயனத்தையும் ஜீவ சாஸ்திரத்தோடு இணைக்க முயல்வோரைத் தேடித் தேடி ஆதரித்தவர் அவர். 1939 ஜனவரி முதல் பெரூட்ஸுக்குச் சம்பளம் கிடைத்தது. 1947-ல் பிரிட்டிஷ் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் அவருக்கும் ஜான் கெண்ட்ரூவுக்குமாக ஒரு சிறு பிரிவை ஏற்படுத்திக் கொடுத்தது.

ஹீமோகுளோபின் தன் ரகசியத்தை வெளியிட்டது 1959-ல். அதாவது, வேலை தொடங்கி 22 வருஷங்களுக்குப் பிறகு! இதனிடையே, அதே பிரிவில் இடம் பெற்ற கிரிக்கும் வாட்ஸனும் 1953-ல் டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டுபிடித்து விட்டார்கள். 1962-ல் அந்தச் சிறு பிரிவின் ஆராய்ச்சிக்காக நால்வர் நோபல் பரிசு பெற்றனர். விதைத்தது ஒரு பயிர், விளைந்தவையோ இரண்டு.

"மூன்று வருஷமாயிற்றே, என்ன கண்டாய்?" என்று 1942-ல் கணக்குக் கேட்டிருந்தால் பெரூட்ஸ் என்ன பதில் சொல்லியிருப்பார்? கணக்குக் கேட்பது தவறல்ல. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் ஆரம்ப நிதி கொடுக்கும் சர்வகலாசாலைகளும் தனவந்தர்களும், "இது எந்த இலாகாவைச் சேர்ந்தது? பலன் எந்த மாதம்?" என்று கேட்பதை விட்டு, கேள்வி பெரியதா, அதைக் கேட்பவர் விடாமல் உழைப்பவரா என்று பார்ப்பது நலம். விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்க்கிறவருக்கு விளைச்சல் ஏது?