திரை இருண்டால் கணினியைத் துடைத்தழிப்பதா?



பள்ளி விடுமுறை முடிந்து திரும்பிய முதல் வாரத்தில் எங்கள் கணினிக்கூடத்தில் ஒரு கணினியின் திரை இருண்டது. லினக்ஸ் இயங்கும் பழைய பணிநிலையம் அது. பொத்தானை அழுத்தினால் எழுத்துகள் ஓடும்; திரை நான்கைந்து முறை மின்னி மின்னி அணையும்; பிறகு மூலையில் ஒரு சிறு கோடு மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். இரண்டே நாளில், அதன் வன்தட்டை முழுவதும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ 80 வெள்ளி என்று ஒரு விலைப்பட்டியல் என் மேசைக்கு வந்துவிட்டது.

"சர்வர் கிராஷ் ஆயிடுச்சி சார். ஃபார்மெட் பண்ணிட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார் பழுதுபார்க்க வந்த தம்பி. கையொப்பமிட மறுத்தேன். அதற்காகப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எனக்குப் 'பிடிவாதக்காரர்' என்ற பட்டம் கிடைத்தது. கிடைக்கட்டும். அந்தப் பிடிவாதத்தின் காரணத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த வன்தட்டில் இருந்தவை என்னவென்று விலைப்பட்டியல் எழுதியவர் கேட்கவே இல்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டியரிடம் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்த 63 குரல் பதிவுகள் அதில் இருந்தன. பால்மரம் வெட்டிய கதை, லயத்து வீட்டுக் கதை, தோட்டத்துக் கோயில் திருவிழா, எல்லாம். பேசியவர்களில் மூவர் இன்று நம்மிடையே இல்லை. படி எடுத்துவைக்காதது என் குற்றம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் என் குற்றத்திற்குத் தண்டனையாக அந்தப் பாட்டிமார்களின் குரலை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

முதலில் அந்தச் 'சர்வர்' என்ற சொல்லைப் பார்ப்போம். கூட்டத்தில் ஒரு பெற்றோர், "சர்வர்னா அது இண்டர்நெட் கம்பெனி பாக்க வேண்டியதுதானே சார்?" என்று கேட்டார். நியாயமான ஐயம். வழங்கி என்றதும் எங்கோ குளிரூட்டிய அறையில் இருக்கும் பெரிய இயந்திரம்தான் நம் நினைவுக்கு வருகிறது. இங்கே அப்படியன்று. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் திரையில் படம் வரைவதற்கென்று தனியே ஒரு நிரல் உண்டு. 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1987-இல் பதினோராம் பதிப்பாக நிலைபெற்ற எக்ஸ் சாளர முறைமை அது. திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, மற்ற நிரல்கள் கேட்பதை வரைந்து கொடுப்பதால் அதற்குக் காட்சி வழங்கி என்று பெயர். நம் மேசைமீது இருக்கும் கணினிக்குள்ளேயே அது ஓடுகிறது.

அது ஒரு நிரல் மட்டுமே என்பதை உணர்ந்தால் பாதி அச்சம் போய்விடும். வரைபவன் மயங்கி விழுந்தால் வீடு இடிந்துவிடுமா? கண்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்3 விசையை அழுத்தினேன். வெறும் எழுத்துத் திரை வந்தது, பயனர்பெயர் கேட்டது, கடவுச்சொல்லை இட்டேன், உள்ளே விட்டது. கோப்புறையைப் பட்டியலிட்டேன். 63 பதிவுகளும் அப்படியே இருந்தன! விரலியில் படியெடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அழித்துவிடலாம் என்று முடிவு செய்தவர்கள் இதைக்கூடச் செய்து பார்க்கவில்லை.

அடுத்தது, விழுந்ததற்கான காரணம். எக்ஸ் தான் செய்வதையெல்லாம் ஒரு பதிவுக்கோப்பில் வரிவரியாக எழுதிவைக்கும். பெரும்பாலும் வார் என்னும் அடைவுக்குள் லாக் என்னும் கோப்புறையில் அது இருக்கும். சில புதிய அமைப்புகளில் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் இருக்கும். தகவலுக்கு இரட்டை ஐ, எச்சரிக்கைக்கு இரட்டை டபிள்யூ, பிழைக்கு இரட்டை ஈ என ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அடைப்புக்குறியில் அடையாளம் இடும். அந்த அடையாளங்களின் பொருளையும் கோப்பின் தலைப்பகுதியிலேயே அதுவே விளக்கிவிடுகிறது. இவ்வளவு ஒழுங்காகத் தன் தவற்றை ஒப்புக்கொள்ளும் மாணவனை நான் இன்னும் வகுப்பில் பார்த்ததில்லை.

இரட்டை ஈ இட்ட வரிகளைத் தேடினேன். சாதனம் எதுவும் கண்டறியப்படவில்லை என்றது ஒரு வரி. இறுதியில், 'நோ ஸ்கிரீன்ஸ் ஃபவுண்ட்'.

இந்த வரியைப் பழுதுபார்க்க வந்தவரும் பார்த்திருக்கிறார். திரை இல்லை என்கிறதே என்று எண்ணிக் கண்ணாடித் திரையை மாற்றியிருக்கிறார், கம்பியையும் மாற்றியிருக்கிறார். பலன் இல்லை. ஆகவே ஃபார்மெட்! எக்ஸின் வழக்கில் ஸ்கிரீன் என்பது வரைகலைச் சாதனத்தையும் காட்சித்திரையையும் இணைத்த ஓர் ஏற்பாடு. தான் வரைவதற்குத் தக்க ஏற்பாடு ஒன்றுகூட அமையவில்லை என்பதே அந்த வரியின் பொருள். சொல்லுக்கு இடத்திற்கேற்ற பொருள் உண்டு என்று நாள்தோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நமக்கு இது புதிதா?

கடைசி வரி விளைவைச் சொல்கிறது. காரணம் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும். மேலே போனேன். இன்ன அமைவுக்கோப்பைப் பயன்படுத்துகிறேன் என்று ஒரு வரி. அந்தக் கோப்பைத் திறந்தால், ஒரு குறிப்பிட்ட வரைகலை அட்டைக்குரிய இயக்கியின் பெயர் அதில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த அட்டை கணினியில் இல்லவே இல்லை! விசிறி இரைச்சலிடுகிறது என்று விடுமுறையில் யாரோ அதைக் கழற்றிவிட்டு, தாய்ப்பலகையோடு வந்த வரைகலைத் துளையில் கம்பியைச் செருகியிருக்கிறார்கள். எவரிடமும் சொல்லவில்லை. எக்ஸ் என்ன செய்யும்? எழுதிவைத்த சொல்லை மதித்து, இல்லாத அட்டையைத் தேடித் தேடித் தோற்றது. 'கிராஷ்' என்பதும் பிழையான சொல்தான். அது விழவில்லை; எழுந்து நிற்கவே இல்லை.

தீர்வு ஒரே வரி. நிர்வாகி உரிமையோடு அந்த அமைவுக்கோப்பின் பெயரை மாற்றினேன். நீக்கவில்லை, நாளை தேவைப்படலாம். அந்தக் கோப்பு இல்லாவிட்டால் எக்ஸ் தானே சாதனங்களைத் தேடி அமைத்துக்கொள்ளும். பல ஆண்டுகளாகவே அந்தத் திறன் அதற்கு உண்டு. மறுதொடக்கம் செய்தேன். திரை வந்தது.

இன்னொன்றையும் கண்டிக்க வேண்டும். திரை இருண்டதும் நம்மவர்கள் மின்பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார்கள். பொதுவாக எக்ஸ் வைத்திருப்பது நிகழ்காலப் பதிவு ஒன்றும் அதற்கு முந்தைய பதிவு ஒன்றும் மட்டுமே. நேற்றுவரை நன்றாக ஓடியபோது எழுதிய பதிவு ஒப்பிட்டுப் பார்க்க மிகவும் உதவும். இரண்டு முறை மறுபடி தொடங்கினால் அது போய்விடும். வலுவில் மின்சாரத்தைத் துண்டிப்பதால் கோப்பு முறைமைக்கே கேடு வரலாம் என்பது வேறு.

எல்லாச் சிக்கலும் இவ்வளவு எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். கருவகம் புதுப்பிக்கப்பட்டு இயக்கி அதனோடு ஒத்துப்போகாமல் நிற்கலாம். அப்போது தொடக்கப் பட்டியலில் பழைய கருவகத்தைத் தேர்ந்து உள்ளே போகலாம். வன்தட்டு நிரம்பியிருந்தாலும் கடவுச்சொல் இட்டதும் மீண்டும் நுழைவுத் திரைக்கே தள்ளிவிடும். உண்மையாகவே நிரல் முறிந்து விழுந்தால் பதிவின் இறுதியில் நினைவக முகவரிகளாக ஒரு நீண்ட பட்டியல் இருக்கும்; அதைப் படிப்பது நம் வேலையன்று. ஆனால் அந்தப் பதிவைப் படியெடுத்துத் தெரிந்தவரிடம் கொடுப்பது நம் வேலைதான்.

"ஆசிரியருக்கு இதற்கெல்லாம் நேரமேது?" என்று கூட்டத்தில் கேட்டார்கள். எனக்கு ஆனது 40 நிமிடம். அதில் பாதி, நிர்வாகிக் கடவுச்சொல் எழுதிய தாளைத் தேடியதில் போனது. "லினக்ஸே வேண்டாம், எல்லாரும் பயன்படுத்துவதையே போட்டுவிடலாம்" என்றார் இன்னொருவர். அது தனியே பேச வேண்டிய வழக்கு. கழற்றிய அட்டையைப் பற்றி எவரும் சொல்லாததற்கு இயங்குதளம் என்ன செய்யும்? எக்ஸ் பழையதாகிவிட்டது, இனி வேலண்ட்தான் என்று கணினித்துறை நண்பர் ஒருவர் மடல் அனுப்பினார். உண்மைதான், 2025-இல் வெளிவந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 எக்ஸ் வழங்கியையே விலக்கிவிட்டது. அங்கே பதிவுகள் வேறிடத்தில், பெரும்பாலும் முறைமையின் பொது நாட்குறிப்பில் இருக்கும். அதையும் திறந்து படிக்கத்தான் வேண்டும்.

பிழை செய்த மாணவனின் பயிற்சி ஏட்டைக் கிழித்தெறிந்து புது ஏடு வாங்கச் சொல்லும் ஆசிரியர் நம்மில் உண்டா? பிழை எங்கே என்று சிவப்பு மையால் காட்டுகிறோம். கணினியிடம் மட்டும் ஏன் இந்தக் கொடுமை? நாம் ஃபார்மெட் செய்வதைப் பார்த்து நிற்கும் பிள்ளைகள், புரியாததை அழித்துவிடலாம் என்பதையே கற்றுக்கொள்கிறார்கள்.

ஆகவே சங்கத்திடம் எழுத்து வழியாக மூன்றைக் கேட்டிருக்கிறேன். பிழைப்பதிவின் படி இணைக்கப்படாத எந்த விலைப்பட்டியலுக்கும் பணம் கொடுக்கக் கூடாது. மாணவர் கோப்புகள் படியெடுக்கப்பட்டன என்று வகுப்பாசிரியர் கையொப்பமிடும்வரை எந்த வன்தட்டையும் அழிக்கக் கூடாது. கணினியைத் திறந்து எதையேனும் கழற்றுபவர் கூடத்துக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுத வேண்டும். அடுத்த கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு. அந்த அட்டையைக் கழற்றியவர் இதைப் படித்தால், அதன் திருகாணிகள் இரண்டு இன்னும் பெட்டிக்குள் உருண்டுகொண்டிருக்கின்றன; வந்து எடுத்துக்கொள்ளலாம்.