மெஷினைத் திறக்குமுன் ஒரு பிரதி

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் பத்தொன்பது வருடமாகக் கொம்பியூட்டர் திருத்துகிறேன். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டபோது என் மேசையில் இடம் போதவில்லை. வந்த மெஷின்கள் பலவற்றுக்கும் ஒரே கோளாறு. கரண்ட் சட்டென்று நின்ற நேரத்தில் ரெஜிஸ்ட்ரி கெட்டிருந்தது.

எந்தப் பிரின்டர், எந்த டிரைவர், எந்த மென்பொருள், யார் யார் உள்ளே வரலாம் என்பதையெல்லாம் வின்டோஸ் ரெஜிஸ்ட்ரியில்தான் எழுதி வைக்கிறது. சிஸ்டம், சொஃப்ட்வெயார், சாம் என்று சில கோப்புகள்தான். சிஸ்டம் கோப்பு பழுதானால் மெஷின் எழும்பவே எழும்பாது.

கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை நடத்தும் அக்கா ஒருவர் அப்போது வந்தார். “எங்க குடுத்தாலும் ஃபோமட் அடிக்க வேணும் எண்டுதான் சொல்லினம், தம்பி.” அவருடைய கணக்குக் கோப்புகள் டீ டிரைவில் பத்திரமாக இருந்தன. ஆனால் பில் போடும் மென்பொருளின் உரிமப் பதிவு ரெஜிஸ்ட்ரியில் இருந்தது. அதை விற்றவர்கள் கடையைப் பூட்டிப் போய் இரண்டு வருடம். ரெக்பேக் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். எல்லாக் கோப்பும் 0 கேபி. வின்டோஸ் 7 காலத்தில் ரெஜிஸ்ட்ரி தானாகவே அங்கே பிரதியாகும். டிஸ்க்கில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, 2018இல் வந்த வின்டோஸ் 10இன் 1803 பதிப்போடு அதை நிறுத்திவிட்டார்கள். சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் யாரும் போட்டுக் கொடுக்கவில்லை, அதனால் பழைய நிலைக்குத் திரும்ப ரெஸ்டோர் பொயின்ட் எதுவும் இல்லை. அந்த மென்பொருள் இல்லாமல் கணக்குக் கோப்புகளைத் திறக்க முடியாததால், கடனுக்குச் சாமான் வாங்கியோரின் கணக்கை அக்கா பழைய பில் புத்தகங்களைப் பார்த்துத் திரும்ப எழுதினார்.

சின்னக் கடைக்கு மட்டுந்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல் சேவையில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் புகுந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. பிரதி இருந்தது, ஆனால் அதே வலையமைப்பில் இருந்ததால் அதுவும் பூட்டப்பட்டது. அந்தக் காலத்துக்குத் தனியே கழற்றி வைத்த பிரதி இல்லை.

என்னைப் போல் இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம்தான் நான் முதலில் கேட்கிறேன். சிஸ்டம் புரொடெக்‌ஷனைப் போட ஐந்து நிமிஷம் போதும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்குமுன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் பண்ண ஒரு நிமிஷம். இதைச் செய்யாமல் மெஷினைத் திருப்பிக் கொடுப்பது அரைவேலை. அதற்குக் காசு வாங்கக் கூடாது. ரெஸ்டோர் பொயின்டும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கும், டிஸ்க் செத்தால் அதுவும் சாகும். ஆகவே முழு டிஸ்க்கின் பிரதி ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி அலுமாரியில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.

வாசகர்களே, அடுத்த முறை மெஷினை எடுக்கப் போகும்போது காசைக் கொடுக்குமுன் கேளுங்கள்: “பிரதி எடுத்தாச்சா? எங்க இருக்கு?”