காலத்தின் மதிப்பும் கடிகாரத்தின் விலையும்

காலம் காட்டுதற்கென்று தோன்றிய கருவி கடிகாரம். இன்றோ அஃது அணிந்தவரின் செல்வத்தைக் காட்டும் கருவியாகவே பலராலும் கொள்ளப்படுகிறது. ‘மணி என்ன?’ என்று கேட்பார் குறைந்து, ‘விலை என்ன?’ என்று கேட்பார் பெருகிவிட்டனர். விலையால் உயர்ந்தது தரத்தாலும் உயர்ந்ததுதானா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கடிகாரத்தின் தரம் யாதென்பதை வரலாறே உணர்த்துகிறது. நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க வழி காண்பார்க்கு 20,000 பவுன் வரை பரிசளிக்க 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தச்சுத் தொழில் பயின்ற ஜான் ஹாரிசன் பல்லாண்டு உழைத்து ஒரு கடிகாரத்தை உருவாக்கினார். 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் அது சோதிக்கப்பட்டது. 81 நாள்களில் அது பிந்தியது ஏறத்தாழ 5 விநாடிகளே எனக் கணக்கிட்டனர். மாலுமிகளின் உயிர் காக்கும் அந்த நம்பகத்தன்மையே அதன் பெருமை.

1969 டிசம்பரில் ஜப்பானின் சீகோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் மகிழுந்தின் விலைக்கு விற்ற அவ்வகைக் கடிகாரம், சில ஆண்டுகளில் எளியோர் கைக்கும் எட்டியது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்திற்கு 15 விநாடி அளவே பிழைபடும். சுவிட்சர்லாந்தில் துல்லியச் சான்று பெறும் இயந்திரக் கடிகாரமோ, சராசரியாக நாளொன்றுக்கு 4 விநாடி பிந்தவும் 6 விநாடி முந்தவும் இடமுண்டு. மாதக் கணக்கில் இது இரண்டு மூன்று நிமிடங்களாகிவிடும். ஆயின் இலட்சங்கள் கொடுத்து வாங்குவது துல்லியத்தை அன்று என்பது தெளிவு.

நுண்ணிய சக்கரங்களைக் கையால் இழைத்துப் பொருத்தும் கைவினைஞரின் கலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அக்கலையை அறிந்து விரும்பி வாங்குவாரையும் பழிக்கவில்லை. ஆனால், புகழ்பெற்ற பெயர் பொறித்த போலிக் கடிகாரங்களுக்குக் கடைத்தெருவில் இத்துணை வரவேற்பு ஏன்? பலர் நாடுவது கலையையன்று, பெயரையே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., நம் தந்தையர் தலைமுறைக்கு மணி காட்டியது. 2016இல் அந்நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட அரசு இசைவளித்தது. எனினும், அன்று வாங்கிய கடிகாரங்கள் சாவி கொடுத்தால் இன்றும் ஓடும் இல்லங்கள் உள. தரம் என்பது இதுவன்றோ!

மணமகனுக்கு இன்ன பெயருடைய கடிகாரமே வேண்டும் எனப் பெண் வீட்டாரைக் கேட்பதும், அதன் பொருட்டு அவர்கள் கடன்படுவதும் நாம் காணாதவை அல்ல. ஒருவர் மணிக்கட்டின் பகட்டுக்காக ஒரு குடும்பம் மாதந்தோறும் வட்டி கட்டுவது எவ்வகையில் அறமாகும்?

கடிகாரம் வாங்கும் இளைஞர்கள் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்றே: மணியைச் சரியாகக் காட்டுமா? பழுதுற்றால் செப்பனிட இயலுமா? நம் வருவாய்க்குள் அடங்குமா? இவற்றிற்கு விடை கண்டபின் பெயரைப் பார்க்கலாம். பத்து மணி வகுப்பிற்குப் பத்தேகாலுக்கு வருபவர் கையில் எந்த நாட்டுக் கடிகாரம் இருந்துதான் என்ன பயன்?