ஏர்க்காலும் ஏட்டுக் கல்வியும்

படித்தவன் கையில் பேனா இருக்கலாம். சுத்தியல் இருக்கலாகாது என்னும் எண்ணம் தமிழரிடையே ஆழ வேரூன்றிவிட்ட ஒன்று. பட்டம் பெற்ற மகன் வெல்டிங் பொறியைத் தொட்டால் பெற்றோர் முகம் சுருங்குகிறது. “இதற்காகவா இவ்வளவு படித்தாய்?” என்று கேட்கின்றனர். அக்கேள்வியைத் திருப்பிக் கேட்பதே முறை. இதைக்கூடச் செய்ய இயலாத படிப்பு எதற்காக?

விடை தேடுவோர் ஆஸ்திரேலியாவின் வீட்டுக் கொட்டகைகளை நோக்கலாம். பகலில் அலுவலகத்திலும் பள்ளியிலும் பணியாற்றுவோர் பலர், ஓய்வு நாள்களில் இரும்புச் சட்டங்களை அறுத்து, இணைத்து, கரடுமுரடான பாதையில் செல்லவல்ல கூடாரப் பின்வண்டியைத் தாமே கட்டுகின்றனர். டிரெய்லர் என்று வழங்கும் இப்பின்வண்டி, ஜீப் போன்ற வண்டியின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லப்படுவது. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, கூடாரம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். கூலிக்காகச் செய்யும் வேலையன்று அது. கல்வி கைக்கு இறங்கும்போது என்ன நிகழும் என்பதற்கு அது கண்கூடான சான்று.

அந்நாட்டின் நிலம் அத்தகையது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்தில் ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளும் கிப் ரிவர் சாலையின் பெரும்பகுதி தார் காணாத மண்பாதை. தென் ஆஸ்திரேலியாவின் மரீ என்னும் ஊரிலிருந்து குவீன்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் வரை செல்லும் பாதை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. இத்தகைய பாதைகளில் மண் அலை அலையாக மடிந்து கிடக்கும். அவ்வலைகளை உண்டாக்குவன அங்கே ஓடும் சக்கரங்களே. சுழலும் மணற்படுகையின்மேல் சக்கரம் ஒன்றை ஓடவிட்டு நடத்திய ஆய்வு 2007இல் வெளியாயிற்று; குறிப்பிட்ட வேகத்தைக் கடந்தவுடன் அலைமேடுகள் தாமே தோன்றுகின்றன என்பதை அது காட்டியது. அம்மேடுகளின்மேல் மணிக்கணக்கில் அதிரும் வண்டியில் ஆணி கழலும், இரும்பு வெடிக்கும், அச்சு முறியும். அடுத்த பட்டறை 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். அங்கே ஒருவனைக் காப்பது அவன் சட்டைப்பையிலுள்ள பணமன்று; தன் வண்டியின் ஒவ்வோர் இணைப்பையும் அறிந்த அறிவே.

அந்நாட்டு உழவர்க்கு இவ்வறிவு புதிதன்று. 1876இல் தென் ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில் ரிச்சர்ட் பௌயர் ஸ்மித் என்பார், வேர்க்கட்டை தட்டினால் உடையாமல் மேலெழும்பித் தாண்டி மீண்டும் மண்ணில் இறங்கும் கலப்பையை உருவாக்கினார். தடையை எதிர்த்து நின்று முறிவதினும், தடைக்கு இசைந்து எழுந்து தாழ்வதே வலிமை என்பது அக்கலப்பையின் பாடம். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்குமாறு இக்காலப் பின்வண்டியில் அமைக்கப்படும் வில் முறையும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது.

பின்வண்டியின் வரலாற்றிலும் சிந்தனைக்குரிய செய்தி ஒன்று உண்டு. 1940இல் அமெரிக்கப் படைக்கு முதல் ஜீப் மாதிரியைச் செய்தளித்தது பென்சில்வேனியாவின் பட்லர் நகரிலிருந்த பாண்டம் நிறுவனம். பெரும் ஒப்பந்தங்களோ வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களுக்குச் சென்றன. பாண்டம், ஜீப்பின் பின்னே செல்லும் கால் டன் பின்வண்டிகளைச் செய்யலாயிற்று. ஜீப்பின் சக்கரத் தடத்திலேயே தானும் உருளும் அச்சிறு வண்டி, போருக்குப் பின் பொதுமக்கள் கைக்கு வந்தது. இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும் ஒரே அகலத் தடத்தில் செல்ல வேண்டும், ஒரே வகைச் சக்கரம் பூண வேண்டும் என்னும் விதியை இன்றும் வீட்டில் கட்டுவோர் கைக்கொள்கின்றனர். தடம் ஒன்றானால் மணலில் இழுவை குறையும்; சக்கரம் ஒன்றானால் ஒன்றின் மாற்றுச் சக்கரம் மற்றதற்கும் உதவும்.

“கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதை வருந்திக் கட்டுவானேன்?” என்று கேட்போர் உளர். பணம் மிஞ்சும் என்று விடை சொன்னால் அது முழு உண்மையாகாது. வெல்டிங் பொறி, இரும்பு, அச்சு, வில், பிரேக், மின்கம்பி, பதிவுச் செலவு, கழிந்த விடுமுறை நாள்கள் ஆகிய அனைத்தையும் கூட்டினால் மிச்சம் மிகச் சிறிதாகலாம், இல்லாமலும் போகலாம். ஆனால், வாங்கியவனுக்குக் கிடைப்பது வண்டி மட்டுமே. கட்டியவனுக்கு வண்டியோடு அதன் காரண காரியமும் கிடைக்கிறது. பளபளக்கும் சாயத்தின் கீழே இணைப்பு எப்படியிருக்கிறது என்பதை வாங்கியவன் அறியான். அதை அறிய நேரும் இடம் பாலை நடுவே என்றால் அவ்வறிவின் விலை மிகப் பெரிது.

“பயிலாத கை செய்யும் வண்டி பிறர் உயிருக்கும் கேடன்றோ?” என்பது இரண்டாம் வாதம். இதைப் புறந்தள்ள முடியாது. சாலையில் கழன்று ஓடும் பின்வண்டி எதிரே வரும் குடும்பத்தை அழிக்கும். அதனால்தான் ஆஸ்திரேலியச் சட்டம் வீட்டில் கட்டிய வண்டிக்கும் விலக்கு அளிப்பதில்லை. அகலம் 2.5 மீட்டரைத் தாண்டலாகாது. ஒற்றை அச்சு வண்டியின் சக்கரங்கள் தாங்கும் எடை 750 கிலோவைக் கடந்தால் பிரேக் கட்டாயம். கொளுவி கழன்றாலும் வண்டி பிரிந்து ஓடாதிருக்கப் பாதுகாப்புச் சங்கிலி வேண்டும். தன் வெல்டிங்கில் ஐயமுடையவன் சட்டத்தைத் தானே வடிவமைத்து, முதன்மை இணைப்புகளைத் தேர்ந்த தொழிலாளியிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. ஆகவே இவ்வாதம் கற்காமல் செய்வதற்கு எதிரானது. கற்றுச் செய்வதற்கு எதிரானதன்று.

கணக்கறியாக் கையும் கண்டிக்கத் தக்கதே. “இரும்பு தடித்தால் வலிமை கூடும்” என்பது அத்தகையோர் கொள்கை. தடித்த இரும்பு எடையைக் கூட்டும். கூடிய எடை வில்லை நசுக்கும். மணலில் சக்கரத்தைப் புதைக்கும். இழுக்கும் வண்டியின் எஞ்சினை வருத்தும். அளவு மீறிய பாரத்தால் அச்சு முறிவதைத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் 475ஆம் குறளில் உவமையாகக் கொண்டது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய மொழியில் பாடமாக நிற்கும் அறிவு, பட்டறையில் மறக்கப்படலாமா?

அச்சை எங்கே பொருத்துவது என்னும் ஒரு வினாவையே எடுத்துக் கொள்ளலாம். வண்டியின் முழு எடை 1,000 கிலோ. கொளுவியிலிருந்து அச்சு 3 மீட்டர் தொலைவு எனக் கொள்க. எடைமையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் கொளுவியின்மேல் 100 கிலோ அழுந்தும். அதாவது முழு எடையில் பத்தில் ஒரு பங்கு. ஆஸ்திரேலியாவில் பலரும் கைக்கொள்ளும் அளவு இது. அழுத்தம் மிகக் குறைந்தால் பின்வண்டி பாம்பெனப் பக்கவாட்டில் ஆடி, இழுக்கும் வண்டியையும் கவிழ்க்கக்கூடும். மிக மிகுந்தால் முன் வண்டியின் பின்புறம் தாழ்ந்து, அதன் முன் சக்கரங்களின் பிடி தளரும். இனி, அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் 80 லிட்டர் நீர்த்தொட்டியை வைத்தால் கொளுவியின் அழுத்தத்தில் ஏறத்தாழ 27 கிலோ குறைந்துவிடும். தொட்டி அச்சுக்கு நேர்மேலே இருந்தால், நீர் நிறைந்தாலும் தீர்ந்தாலும் அழுத்தம் மாறாது. பள்ளியில் நெம்புகோல் என்று மனப்பாடம் செய்த விதி இங்கே உயிர் காக்கும் விதியாகிறது.

இந்த அழுத்தத்திற்குத் தமிழில் சொல் தேட வேண்டுவதில்லை. மாட்டுவண்டி ஓட்டியவன் அதனை ‘முன்பாரம்’ என்றான். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். ஆதலின் மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்தான். பள்ளி செல்லாத அவன் செய்தது அதே கணக்கு. இழுக்கும் தண்டுக்கு ‘ஏர்க்கால்’ என்றும், சக்கரம் கழலாமல் காப்பதற்குக் ‘கடையாணி’ என்றும், வில் பொருத்தியதை ‘வில்வண்டி’ என்றும், கூரை வேய்ந்ததைக் ‘கூண்டு வண்டி’ என்றும் அவன் வழங்கினான். சிங்கப்பூரின் கிரேத்தா ஆயர் என்னும் இடப்பெயர் தண்ணீர் வண்டி எனப் பொருள்படும் மலாய்ச் சொல். மாட்டுவண்டிகள் நகருக்கு நீர் சுமந்த காலத்தின் நினைவுச்சின்னம் அது. வண்டி மறைந்தது, வண்டியோடு சொற்களும் மறைகின்றன. செய்கை இறந்தால் சொல்லும் இறக்கும் என்பதை மொழி காப்போர் உணர வேண்டும். தொழிற்சொற்களை அகராதியில் அடுக்கி வைத்தால் மட்டும் அவை வாழமாட்டா. அவற்றைச் சொல்லியபடி ஒரு கை வேலை செய்ய வேண்டும்.

எல்லா மாணவரும் பாலைக்குப் பின்வண்டி கட்ட வேண்டுமென்பதன்று. ஒரு பலகை, இரண்டு சிறு சக்கரங்கள், நான்கு செங்கற்கள், எடை பார்க்கும் தராசு ஒன்று ஆகியன எந்தப் பள்ளிக்கும் எட்டாதவை அல்ல. பலகையின் நடுவுக்குச் சற்றுப் பின்னே அச்சைப் பொருத்தி, ஏர்க்காலின் நுனியைத் தராசின்மேல் வைத்து, செங்கல்லை முன்னும் பின்னும் நகர்த்தச் செய்தால் முன்பாரம் கண்முன்னே கூடும், குறையும். அறிவியல் ஆசிரியர் அதன் கணக்கைச் சொல்லட்டும். தமிழாசிரியர் அதன் சொல்லைச் சொல்லட்டும். இருவரும் ஒரே பலகையின் அருகே நிற்கும் நாளில்தான், தமிழில் அறிவியல் கற்பிக்க இயலுமா என்னும் பழைய வழக்குத் தீரும்.

கையை இகழும் கல்வி அரைக்கல்வி. கணக்கை இகழும் கைத்தொழில் அரைத்தொழில். இரண்டையும் ஓர் அச்சில் பூட்டினால்தான் வண்டி நகரும். மகன் கையில் கரி படிந்ததென்று இனி எந்தத் தாயும் நாண வேண்டா; கரியே படியாத கையை எண்ணித்தான் நாண வேண்டும்.