லட்சுமி என்ற மாடும் பெயரில்லாத வண்டும்

மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் ஒரு மாடு இருக்கிறது. பெரும்பாலும் அதன் பெயர் லட்சுமி. குடும்பம் தோட்டத்தை விட்டுக் கிளம்பும் நாளில் அது திரும்பிப் பார்க்கும். கண்ணில் நீர் வழியும். தாத்தா அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டு லோரியில் ஏறுவார். அண்மையில் ஒரு போட்டிக்கு வந்த கதைகளை வாசித்தபோது இந்த மாட்டை ஏழு முறை சந்தித்தேன். ஏழில் ஒன்றுகூடச் சாணி போடவில்லை. ஒன்றுக்கும் மடி வீங்கவில்லை. ஒன்றைக்கூட யாரும் விலை பேசவில்லை.

இதை வெறும் தகவல் குறையாக என்னால் ஒதுக்க முடியவில்லை. தோட்டத்தைப் பற்றி எழுதும்போது எந்த விலங்கை உள்ளே விடுகிறோம், எதை வெளியே நிறுத்துகிறோம் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. விலங்கை வெளியே நிறுத்தினால் அதோடு பிழைத்த மனிதரும் வெளியே நின்றுவிடுகிறார். நம் தோட்ட இலக்கியம் அப்படி நிறைய பேரை வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறது.

முதலில் மாட்டையே எடுத்துக்கொள்வோம். என் அப்பாயி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான்கு மாடு வைத்திருந்தார். விடியற்காலை மூன்றரைக்குக் கறவை. அதற்குப் பிறகுதான் பெரட்டு, பால்வெட்டு. மரத்துப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, சோற்றைத் தின்ற கையோடு அரிவாளும் சாக்குமாகப் புல்லறுக்கப் போவார். சாயங்காலம் மறுபடி கறவை. பெரியப்பா சைக்கிளில் டவுனுக்குப் போய் பால் ஊற்றிவிட்டு வருவார். மரத்துப் பாலுக்குத் துரை சம்பளம் கொடுத்தார். மாட்டுப் பாலில் பள்ளிக்கூடப் புத்தகமும் மருந்தும் தீபாவளித் துணியும் வந்தன. மழைக்காலத்தில் வெட்டு நின்றுபோனால் வீட்டில் உலை கொதித்தது மாட்டால்தான்.

அவரிடம் ஒருமுறை மாடுகளின் பெயரைக் கேட்டேன். “பேரா? பெருசு, செவல, கொம்பு ஒடிஞ்சது, அதோட கன்னுக்குட்டி. இதுக்கு மேல பேரு வச்சிக் கூப்பிட எங்கடா நேரம்?” என்றார். கறவை நின்ற மாட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, கறிக்கு வாங்குகிறவர் கொடுத்த விலையை வெள்ளிக் கணக்கில் சொன்னார். அதில் குற்ற உணர்ச்சியும் இல்லை, பெருமையும் இல்லை. அந்த மாட்டுக்குக் காய்ச்சல் கண்டபோது ராத்திரி முழுக்கக் கொட்டாயில் உட்கார்ந்திருந்தவரும் இவர்தான். இரண்டும் ஒரே மனுஷி. நம் கதைகள் ராத்திரி உட்கார்ந்திருந்தவரை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. விலை பேசியவரை விட்டுவிடுகின்றன. அழும் மாடு கதைக்குள் வந்தவுடன் மூன்றரை மணிக்கு எழுந்த பெண் காணாமல்போகிறாள்.

இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழிவந்து, தோட்டங்களில் நம் ஆட்கள் வளர்த்த கறவை மாடுகளை இந்நாட்டுக் கால்நடை ஆய்வாளர்கள் ‘உள்ளூர் இந்தியக் கறவை மாடு’ என்று தனி வகையாகவே குறிப்பிடுகிறார்கள். சுருக்கமாக எல்.ஐ.டி. அதாவது, தோட்டத் தொழிலாளி இந்த நாட்டுக்கு ஒரு மாட்டு வகையையே கொடுத்திருக்கிறார். ஆய்வுக் கட்டுரைக்கு இது தெரிந்திருக்கிறது. சிறுகதைக்குத் தெரியவில்லை.

ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது மாட்டுக்கு என்ன ஆனது என்பதையும் எழுத வேண்டும். ரப்பர் மரத்தடியில் மேய்ந்த மாடு, செம்பனைக் கன்றின் குருத்தைக் கடித்தால் அது நிர்வாகத்துக்கு நஷ்டம். அப்பாயியின் தோட்டத்தில் அதற்குப் பிறகு மாட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது, மேய்ந்தால் தண்டம். தோட்டம் கைமாறி மக்கள் அடுக்குமாடிக்குப் போனபோது நான்காவது மாடியில் மாடு கட்ட முடியாது. எல்லோரும் ஒரே மாதத்தில் விற்றால் விலை என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடு கண்ணீர் விட்டதோ இல்லையோ, ஒரு குடும்பத்தின் இரண்டாவது வருமானம் அந்த மாதத்தோடு நின்றது. அதை எழுதாமல் கண்ணீரை எழுதுவது நிர்வாகத்துக்குத்தான் வசதி.

அடுத்தது பன்றி. தோட்டத்தைச் சுற்றிக் காட்டுப்பன்றி இல்லாத இடமே கிடையாது. உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தின்னும். இளங்கன்றைத் தோண்டிக் குருத்தைத் தின்னும். அதைப் பிடிக்க நம் ஆட்கள் நாயோடு போனார்கள், கண்ணி வைத்தார்கள். அன்றைக்கு லயமே மணக்கும். பங்கு பிரிப்பது, தொடைக்கறி யாருக்கு, ஈரல் யாருக்கு என்ற சண்டை, மிளகு தட்டிப் போட்டு வரட்டிய கறி, கள்ளுக்கடை வாசலில் அதைப் பற்றிய பேச்சு என்று ஒரு முழு உலகம் இருந்தது. அந்த உலகத்தில் பிறந்த பேரன் எழுதும் கதையில் பாட்டி கத்திரிக்காய் சாம்பார் வைக்கிறாள்.

ஏன் என்று நமக்குத் தெரியும், சொல்லத்தான் கூச்சம். பசு கௌரவமான விலங்கு, பன்றி அப்படியில்லை. பசுவை வைத்துக் கதை எழுதினால் மேடையில் படிக்கலாம். லயத்தில் யார் பன்றி வளர்த்தார்கள், யார் மாட்டுக்கறி தின்றார்கள், செத்த மாட்டைத் தூக்க யாரைக் கூப்பிட்டார்கள் என்று எழுதினால் சாதி வந்துவிடும். கப்பலில் வந்தபோது சாதியைக் கடலில் போட்டுவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் கதைக்கு அது ஆகாது. ஆகவே பன்றியை வெட்டிவிடுகிறோம், அதோடு அந்த வீடுகளையும் வெட்டிவிடுகிறோம். 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதலில் சபாவிலும் பிறகு தீபகற்பத்திலும் வந்தது. பன்றி வளர்த்தவர், வேட்டைக்குப் போனவர் எல்லோர் வாழ்க்கையிலும் அது ஒரு பெரிய சம்பவம். நம் இலக்கியத்தில் அதன் சுவடு எங்கே?

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாத ஒன்று. செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. இந்த மரத்தில் ஆண் பூங்குலை வேறு, பெண் பூங்குலை வேறு. அதன் சொந்த மண்ணில் மகரந்தம் சேர்ப்பது ஒருவகை வண்டு. மரத்தைக் கொண்டுவந்தவர்கள் வண்டைக் கொண்டுவரவில்லை. இங்கே காய் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் தொழிலாளர்கள் மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து, பெண் பூ விரியும் நாள் பார்த்து, மரம் மரமாகப் போய்த் தூவினார்கள். வண்டின் வேலையை மனிதர் கூலிக்குச் செய்தார்கள்.

1981இல் கேமரூனிலிருந்து வந்த எலய்டோபியஸ் கமெரூனிகஸ் என்ற வண்டு ஜொகூரில் விடப்பட்டது. அரிசியைவிடச் சின்னது. கொஞ்ச காலத்தில் எங்கும் பரவியது. குலை கனத்தது, கையால் தூவும் வேலை ஒழிந்தது. செம்பனைத் தொழிலின் வரலாற்றில் இது பெரிய வெற்றி. ஆனால் ஒரு நாள் காலை பெரட்டில் “இனிமே மாவு தூவுற வேலை இல்ல” என்று மண்டோர் சொன்னபோது எதிரில் நின்றவர்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்கு வேறு வேலை கொடுத்தார்களா, கூலி கூடியதா குறைந்ததா? ஒரு பூச்சி வந்து மனிதரின் வேலையை எடுத்துக்கொண்டது. எந்த மொழி எழுத்தாளனுக்கும் கிடைக்காத கதை இது. நான் படித்த தமிழ்க் கதை எதிலும் இந்த வண்டு பறக்கவில்லை.

இன்றைய தோட்டத்துக்கு வருவோம். எலி செம்பனைப் பழத்தைக் கரண்டித் தின்னும். அதைப் பிடிக்கக் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகையைக் குடிவைக்கிறார்கள். எலியைத் தேடிப் பாம்பும் வரும். வெட்டி அடுக்கிய மட்டைக்கு அடியில் சுருண்டு கிடக்கும். கறுப்பு நாகம் கண்ணைக் குறிவைத்து விஷத்தைத் துப்பும். நிர்வாகம் எலி மருந்து வைத்தால் அதைத் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும். இத்தனையும் ஒரு தீம்பாருக்குள் நடக்கிறது. இன்று அங்கே மட்டை வெட்டுகிறவர் பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசி, நேப்பாளி.

நம் கதைகளில் மட்டும் ஆந்தை இன்னும் அலறுகிறது, கிழவி இன்னும் சாகிறாள். மலாய்க்காரர்களும் ஆந்தையைப் ‘பேய்ப் பறவை’ என்று பொருள்படும்படி ‘பூரோங் ஹந்து’ என்றே அழைக்கிறார்கள். பயம் எல்லோருக்கும் பொது. ஆனால் அந்தப் பேய்ப் பறவை இப்போது தோட்டத்துச் சம்பளமில்லாத ஆள். இது தெரியாமல் ஆந்தையை எழுதுகிறவருக்கு அதே தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசித் தொழிலாளியும் தெரியப்போவதில்லை. அவருடைய தோட்டம் 1975இலேயே நின்றுபோய்விட்டது.

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு பதில் வரும். “இலக்கியம் என்னா விலங்கியல் பாடமா லா? படிமம்னு ஒன்னு இருக்கே அண்ணே!” என்றார் ஓர் இளம் நண்பர். படிமம் இருக்கட்டும். ஆனால் படிமமாகும் முன்னால் அது மாடாக இருக்க வேண்டும். குளம்பு, உண்ணி, நாற்றம், விலை எல்லாம் உள்ள மாடு துயரத்தைக் காட்டினால் நான் நம்புவேன். நேராகத் துயரமாகவே பிறந்த மாட்டை நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. நாட்டார் கதைகளில் விலங்கு பேசும். ஆனாலும் அந்தக் கதையைச் சொன்னவருக்கு நரி எந்த நேரத்தில் கோழியைத் தேடி வரும் என்று தெரிந்திருந்தது.

இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மடி வீங்கினால் என்ன பத்து போட்டார்கள், கண்ணியை எந்தத் தடத்தில் வைத்தார்கள், மகரந்தத்தை எதில் அடைத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் அடுக்குமாடி வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் இதைக் கேட்பதில்லை. தோட்டத்துச் சோகத்தைக் கேட்கப் போகிறவர்கள்கூடச் சோகத்தை மட்டும் பதிவுசெய்துகொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மாட்டைப் பற்றிக் கேளுங்கள். கடைசி மாட்டை எவ்வளவுக்கு விற்றீர்கள், யார் வாங்கினார், அந்தக் காசில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் அது கதையில் அழவேண்டியிருந்தால் அழட்டும்.